அப்பாவின் இறக்கைக்கடியில் எட்டுக் கால்கள்

போட்ஸ்வானாவின் சோபே ஆற்றுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் யானைக்காகத்தான் வருகிறார்கள். அவர்களைப் படகில் அழைத்துப்போய்ப் படம் எடுக்க வழிகாட்டுவது என் வேலை. யானைக் கூட்டம் நீந்தி ஆற்றைக் கடப்பது எனக்கும் அலுக்காத காட்சிதான். ஆனால் மழைக்காலம் வந்துவிட்டால் என் கண் ஆம்பல் இலைகள் பக்கமே போகும். அங்கே இலைக்கோழி என்ற நீர்ப்பறவை குஞ்சு வளர்க்கிற நேரம் அது.

செம்பழுப்பு உடம்பு, நெற்றியில் வெளிர்நீலப் பட்டை, உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத நீள விரல்கள். எடை பரவிவிடுவதால் மிதக்கிற இலைமேல் ஓடித் திரியும். இதில் பெண்தான் பெரியது. ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களோடு சேர்ந்து, ஒவ்வொரு ஆணின் கூட்டிலும் பெரும்பாலும் 4 முட்டை இட்டுவிட்டு நகர்ந்துவிடும். அடைகாப்பது, வளர்ப்பது எல்லாம் ஆண். தாய்க்குப் பொறுப்பில்லை என்று படகில் யாராவது சொன்னால் நான் விடமாட்டேன். நீர்மட்டம் ஏறினாலே முட்டை போய்விடுகிற இடம் இது. அடுத்த முறை முட்டையிட அவள் தயாராக இருப்பதும் குடும்பத்தைக் காப்பதுதான்.

கூடு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. நாலு தண்டும் இலையும் சேர்ந்த ஈரமான திட்டு, அவ்வளவே. படகு வேகமாகப் போனால் எழும் அலையே முட்டையை உருட்டிவிடப் போதும். அதனால் அந்தப் பக்கம் போகும்போது வேகத்தைக் குறைத்து, தள்ளியே போவோம். பளபளக்கும் பழுப்பில் கறுப்புக் கிறுக்கலோடு இருக்கும் முட்டையைப் படம் எடுக்கச் சிலர் ஆசைப்படுவார்கள். மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். நாம் நெருங்கினால் அப்பா எழுந்துவிடும்; முட்டை வெயிலில் கிடக்கும்.

குஞ்சு பொரித்த பிறகு கதையே வேறு. சில மணி நேரத்திலேயே நடக்கத் தொடங்கி, தானே பூச்சி பொறுக்கும். அப்பா ஊட்டுவதில்லை. கூடவே நடக்கிறது, வானத்தைப் பார்க்கிறது, கூப்பிடுகிறது. ஆபத்து என்றால் குஞ்சுகள் அலகு நுனி மட்டும் வெளியே தெரிய நீருக்குள் அமிழ்ந்துவிடுவதும் உண்டு.

ஒருநாள் மேகம் கறுத்து முதல் தூறல் விழுந்தது. அப்பா இலைமேல் குந்தி இறக்கையை லேசாக விரித்தது. கோடு போட்ட பஞ்சுருண்டைகள் நாலும் ஓடிவந்து உள்ளே புகுந்தன. இறக்கையை இறுக்கிக்கொண்டு எழுந்தபோது இரண்டு பக்கமும் கால்கள் கொத்தாகத் தொங்கின. எட்டும் இருக்கிறதா என்று படகே எண்ணியது. ஒரு குஞ்சின் கால் மட்டும் நிற்காமல் காற்றில் நடந்துகொண்டே இருந்தது. இந்தப் பறவையின் முன்கை எலும்பு ஒன்று தட்டையாக அகன்றிருக்கும்; இப்படி இடுக்கிக்கொள்ள அது உதவுகிறது என்று கருதுகிறார்கள்.

அந்தக் காட்சி சில நொடிதான். கேமரா நீர்மட்டத்துக்குத் தாழ்ந்திருக்க வேண்டும், ஷட்டர் வேகம் 1/1600 நொடிக்குக் குறையக் கூடாது. அடுத்த மழைக்கு வருகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: 600 மி.மீ. லென்ஸ் கொண்டு வாருங்கள், படகைக் கிட்டே விடச் சொல்லாதீர்கள்.