பிளக்கைப் பிடுங்கினால் எழும்பாத கணினி: நாலு ராம் ஸ்டிக் போட்ட கதை

கல்யாண வீடியோ எடிட்டிங்தான் எனக்குத் தொழில். 4கே ஃபுட்டேஜ் வர ஆரம்பித்த பிறகு 16 ஜிபி ராம் திணறியது. ஏற்கெனவே இருந்த இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 (ராமின் நாலாம் தலைமுறை) ஸ்டிக்குகளோடு அதே பிராண்டில், அதே மாடல் எண்ணில் இன்னும் இரண்டு வாங்கிப் போட்டேன். பெட்டியில் வேகம் 3200 என்று பெரிதாகப் போட்டிருந்தது. ப்ராசஸர் ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 3600, மதர்போர்டு பி450. அன்றைக்கு முழுக்க நன்றாக ஓடியது.

மறுநாள் காலையில் பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. போர்டு ஓரத்தில் டிராம் என்று எழுதியிருக்கும் குட்டி விளக்கு எரிகிறது, அதாவது கோளாறு ராமில். தானாக அணைந்து தானாக எழும்பி, அப்படியே சில தடவை நடந்த பிறகு, மெமரி செட்டிங் தோல்வி என்கிற மாதிரி ஓர் அறிவிப்போடு திரை வந்தது. பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் வரும் போர்டின் செட்டிங் திரை) போய்ப் பார்த்தால் ராம் 2133-இல் நிற்கிறது. பெட்டியில் போட்ட வேகத்தைத் தரும் எக்ஸ்எம்பி என்ற செட்டிங்கை ஆன் செய்து 3200-க்குக் கொண்டுவந்தால் சாயங்காலம் வரை ஒரு கோளாறும் இல்லை, எத்தனை ரீஸ்டார்ட் அடித்தாலும் எழும்பியது. அடுத்த காலையில் மறுபடியும் அதே கூத்து.

நாகர்கோவிலில் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த பையன் முதல் வேலையாக ரப்பரை எடுத்து ஸ்டிக்குகளின் தங்கநிறப் பின்களைத் தேய்த்தான். சிரிக்க வேண்டாம். குளச்சல், முட்டம் மாதிரி கடலோரத்தில் உப்புக் காற்று பின்களை மங்க வைத்துவிடும், பல கணினிகள் அந்த ரப்பராலேயே பிழைத்திருக்கின்றன. தேய்த்த தூள் ஸ்லாட்டுக்குள் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். போட்டுப் பார்த்தான், உடனே எழும்பியது. அணைத்து அணைத்துப் போட்டாலும் எழும்பியது. "அண்ணே, மெஷின்ல ஒண்ணும் இல்ல, வீட்டு கரண்ட்ட பாருங்க" என்று அனுப்பி வைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் மறுநாள் காலையில் பழைய கதைதான். கடைக்கும் வீட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தபோதுதான் பிளக் நினைவுக்கு வந்தது. ஐப்பசி, கார்த்திகையில் ராத்திரி இடி வெட்டும், படுக்கப் போகும் முன் எல்லா பிளக்கையும் பிடுங்கிப் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். கடையில் அணைத்தாலும் பிளக் சுவரில்தான் இருக்கும், போர்டுக்குள் கொஞ்சம் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். சோதித்துப் பார்த்தேன். பிளக்கோடு விட்ட ராத்திரிக்கு அடுத்த காலையில் எழும்பியது, பிடுங்கிய ராத்திரிக்கு அடுத்த காலையில் எழும்பவில்லை.

அப்படியானால் போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரிதான் செத்துவிட்டதோ என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் பேட்டரி போயிருந்தால் தேதியும் நேரமும் போயிருக்க வேண்டும், கடிகாரம் சரியாகவே இருந்தது. மல்டிமீட்டரும் 3 வோல்ட் காட்டியது.

மின்சாரம் இல்லாத நிலையிலிருந்து தொடங்கும்போது போர்டு ஒவ்வொரு ஸ்டிக்கோடும் சிக்னல் நேரத்தை முதலிலிருந்து அளந்து பொருத்திக்கொள்கிறது. டிரெயினிங் என்பார்கள். அதில் தேறாவிட்டால் அணைந்து மறுபடி முயலும், கடைசியில் பாதுகாப்பான வேகத்துக்கு இறங்கிவிடும். டிடிஆர்4-க்கு அந்தப் பாதுகாப்பு வேகம் பெரும்பாலும் 2133 அல்லது 2400, அதுவும் 1.2 வோல்ட்டில். என் பெட்டியில் போட்டிருந்த 3200 என்பது 1.35 வோல்ட் கொடுத்து எட்டும் வேகம், அதாவது ஓவர்கிளாக். எக்ஸ்எம்பி என்பது அந்த எண்களை ஸ்டிக்கில் உள்ள சின்ன சிப்பிலிருந்து படித்துப் போடும் ஏற்பாடுதான்.

இனி எந்த ஸ்டிக் குற்றவாளி என்று பார்க்க வேண்டும். முதலில் ஹார்டு டிஸ்க் கேபிள்களைக் கழற்றினேன். நிலையில்லாத ராமோடு விண்டோஸுக்குள் போனால் ஃபைல்கள் கெட்டுப்போகலாம், யாருடைய தாலிகட்டும் காட்சியையும் பணயம் வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. பென்டிரைவில் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஏற்றி ஒவ்வொரு ஸ்டிக்கையும் தனியாக, ப்ராசஸரிலிருந்து இரண்டாவதாக இருக்கும் ஏ2 ஸ்லாட்டில் போட்டு 3200-இல் ஓட்டினேன். நாலும் தேறின. பழைய ஜோடி ஏ2, பி2 ஸ்லாட்டுகளில் தேறியது. புது ஜோடியும் அப்படியே. நாலும் சேர்ந்தால் மட்டும் தகராறு.

கணினியின் உள்விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருளில் பார்த்தபோது ஒரே மாடல் எண்ணுக்குள் பழைய ஜோடியில் ஒரு கம்பெனி சிப்பும் புது ஜோடியில் வேறு கம்பெனி சிப்பும் இருந்தன. இது சகஜம். ஜோடியாக விற்கும்போது அந்த ஜோடிக்குத்தான் உத்தரவாதம், இரண்டு பெட்டிகள் ஒத்துப்போகும் என்று யாரும் சொல்வதில்லை. அதைவிட முக்கியமான விஷயம் ஏஎம்டியின் சொந்தக் கணக்கில் இருந்தது. இந்த ப்ராசஸருக்கு இரண்டு ஸ்டிக் என்றால் 3200, ஒற்றை ரேங்க் (ஸ்டிக்கில் சிப்புகள் ஒரே தொகுதியாக இருப்பது) நாலு என்றால் 2933, இரட்டை ரேங்க் நாலு என்றால் 2667. என்னுடையவை ஒற்றை ரேங்க். கடையில் ராம் வாங்கும்போது இதைச் சொல்ல ஆளில்லை.

விட மனசில்லாமல் 3200-ஐயே பிடித்துத் தொங்கினேன். கமாண்ட் ரேட்டை 2டி ஆக்கி (ராமுக்குக் கட்டளை போகக் கூடுதல் அவகாசம்), எஸ்ஓசி வோல்டேஜை (ப்ராசஸருக்குள் ராமைக் கையாளும் பகுதிக்கான வோல்டேஜ்) 1.1-க்கு ஏற்றிப் பார்த்தேன். சில காலைகளில் எழும்பியது, ஆனால் மெம்டெஸ்டில் சிவப்பு வரிகள் வந்தன. எழும்புவது வேறு, நிலையாக ஓடுவது வேறு. சரி போ என்று எக்ஸ்எம்பியை வைத்துக்கொண்டே வேகத்தை மட்டும் 2933-க்கு இறக்கினேன். 16-18-18-38 டைமிங்கும் (ராமின் வேலைகளுக்கு ஆகும் சுற்றுகளின் எண்ணிக்கை) 1.35 வோல்ட்டும் அப்படியே. 3200-இல் 16 சுற்று என்பது 10 நானோ விநாடி, 2933-இல் 10.9. அந்தச் சின்ன அவகாசம் போதுமானதாக இருந்தது. மெம்டெஸ்டில் நாலு முழு ஓட்டமும் பிழையில்லாமல் முடிந்தது. 32 ஜிபிக்கு அது மணிக்கணக்கில் ஓடும், இடிக்குப் பயந்து பகலிலேயே ஓட்டினேன். பிளக்கைப் பிடுங்கிய காலைகளிலும் இப்போது ஒரே அழுத்தில் எழும்புகிறது. ரெண்டரிங் நேரத்தில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. செட்டிங்கை பயாஸ் புரொஃபைலாகச் சேமித்து வைத்திருக்கிறேன். சிபியு-இசட்டில் 1466 என்று பார்த்துப் பாதி வேகம்தான் வருகிறது என்று பதற வேண்டாம், டிடிஆர் ஒரு துடிப்புக்கு இரண்டு தடவை தரவு அனுப்பும்.

இதைக் கேட்டுவிட்டு மார்த்தாண்டத்தில் இருக்கும் நண்பன், ரைசன் 7000 வரிசையில் டிடிஆர்5 நாலு ஸ்டிக் வாங்கப் போவதாகச் சொன்னான். அதில் நாலு போட்டால் ஏஎம்டி சொல்லும் வேகம் 3600தான், இரண்டு 32 ஜிபியாக வாங்கு, முதல் தடவை போடும்போது சில நிமிஷம் திரை கறுப்பாகவே இருக்கும், பட்டனைத் தொடாதே என்றேன். "மக்கா, பெட்டியில 6000னு போட்டிருக்கே?" என்றான்.