குழு சிகிச்சையில் பதில் சொல்வது யார்?

ஒரே ஒரு பேச்சை எடுத்துக்கொண்டு, மூன்று வகைக் குழுக்களில் அதற்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மனநலச் சிகிச்சைக்காகச் சிலர் ஒன்றாக உட்கார்ந்து பேசும் குழுவில் ஒருவர் சொல்கிறார்: "நான் பேசினா இங்க யாருமே கேக்கறதில்ல."

அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோம் வகுத்த பாணிக் குழு என்றால் ஏழெட்டுப் பேர், 90 நிமிடம். தெரபிஸ்ட் ஆறுதல் சொல்ல மாட்டார். "இந்த ரூம்ல யார் கேக்கலன்னு தோணுது?" என்பார். பெயரைச் சொல்லக் கூச்சமாக இருக்கும், சொல்லிவிட்டால், அந்த ஆளே வாயைத் திறப்பார்: "நீங்க தரையப் பாத்துட்டே பேசறீங்க. யாருக்குச் சொல்றீங்கன்னே எனக்குத் தெரியல." இங்கே மருந்தே அதுதான். வெளியே எந்த நண்பரும் இதை முகத்துக்கு நேரே சொல்லியிருக்க மாட்டார்.

புதிதாக நடத்துபவர்கள் சறுக்குவதும் இங்கேதான். ஒவ்வொருவர் முடித்ததும் தாமே பதில் சொல்லிவிடுகிறார்கள். சில வாரங்களில் எல்லோரும் தெரபிஸ்ட் முகத்தைப் பார்த்தே பேசப் பழகிவிடுவார்கள். அப்புறம் அது குழு இல்லை, டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கும் ஓ.பி. யாராவது தெரபிஸ்ட்டையே பார்த்துப் பேசினால், அவர் தன் பார்வையை மற்றவர்கள் பக்கம் திருப்ப வேண்டும். பேசுபவரின் கண்ணும் மெல்லப் பின்னாலேயே போகும்.

சமூகப் பதற்றத்துக்கு, அதாவது மற்றவர்களோடு பேசிப் பழக வரும் பயத்துக்கு, உளவியலாளர் ரிச்சர்ட் ஹைம்பெர்க் உருவாக்கிய சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை) குழுவில் 6 பேர், 2 தெரபிஸ்ட்கள், வாரம் இரண்டரை மணி நேரம், மொத்தம் 12 வாரம். அதே பேச்சு இங்கே போர்டில் ஏறும் ஓர் 'எண்ணம்'. ஆதாரம் என்ன என்று கேட்பார்கள். பிறகு மற்ற உறுப்பினர்களையே கல்யாண வீட்டு விருந்தாளிகளாக நடிக்கவைத்து அவரைப் பேசச் சொல்வார்கள். நடுநடுவே பதற்றம் 0 முதல் 100க்குள் எவ்வளவு என்று கேட்டுக் குறிப்பார்கள். சக நோயாளிகள் இங்கே நடிகர்கள், சாட்சிகள். ஹோம்வொர்க் செய்யாதவரை வாத்தியார் போலக் கடிந்துகொண்டால், அடுத்த வாரம் ஹோம்வொர்க் வராது, ஆளும் வரமாட்டார்.

உளவியலாளர் மார்ஷா லினஹனின் டிபிடி (கொந்தளிக்கும் உணர்ச்சிகளைச் சமாளிக்கக் கற்றுத்தரும் சிகிச்சை) திறன் பயிற்சி கிட்டத்தட்ட வகுப்பறையேதான். முதல் பாதி ஹோம்வொர்க், அடுத்த பாதி புதுத் திறன். அந்தப் பேச்சை நடத்துபவர் சட்டென்று கடந்து, "இந்த வாரம் எந்தத் திறனப் பண்ணிப் பாத்தீங்க?" என்று கேட்பார். கறாராகத் தெரியும், ஆனால் திட்டமிட்டதுதான். சொந்தக் கதைக்குத் தனி தெரபிஸ்ட் இருக்கிறார்; தன்னைக் காயப்படுத்திக்கொண்ட விவரங்களைக் குழுவில் பேசினால் அந்த உந்துதல் மற்றவர்களுக்கும் தொற்றலாம். ஒருவர் பாடம் எடுக்க, துணை நடத்துநர் முகங்களைக் கவனிக்கிறார். கண் கலங்கியவரைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. ஆள் பற்றாக்குறை என்று துணை நடத்துநர் இல்லாமலே நடத்தினால், பாடமும் கெடும், கலங்கியவரும் கதவைச் சாத்திவிட்டுப் போவார்.

டிபிடியில் பழகியவர் யாலோம் குழுவுக்கு மாறும்போது நோட்டைத் திறந்துவைத்து தெரபிஸ்ட்டின் பதிலுக்குக் காத்திருப்பார். வராத பதிலை அலட்சியம் என்றே எடுத்துக்கொள்வார். சேர்க்கும் முன் தனியாக ஒருமுறை உட்காரவைத்து, "இங்க உங்களுக்குப் பெரும்பாலும் பதில் சொல்றது நான் இல்ல, அவங்க" என்று சொல்லிவிடுவது நல்லது.