பழைய டிராக்டருக்குப் புதுக் கட்டவுட்

அப்பா காலத்து 35 குதிரைத்திறன் டிராக்டர், ஓராண்டுக்குள் இரண்டு பேட்டரிகளைத் தீர்த்துவிட்டது. வாரந்தோறும் டிஸ்டில் வாட்டர் ஊற்ற வேண்டியிருந்தது. பேட்டரிப் பெட்டியைச் சுற்றி ஆசிட் பொங்கி இரும்பை அரித்திருந்தது. பேட்டரிதான் மோசம் என்று எல்லோரும் சொன்னார்கள். இன்ஜினை ஓடவிட்டு மீட்டரை வைத்துப் பார்த்தபோது பேட்டரி முனைகளில் 16 வோல்ட்டுக்கு மேல் இருந்தது. 12 வோல்ட் பேட்டரிக்கு 14 வோல்ட்டை ஒட்டிய சார்ஜ் போதும். அதற்கு மேல் நெடுநேரம் ஏறினால் தண்ணீர் பிரிந்து வாயுவாகப் போய்விடும்.

பேட்டரியை சார்ஜ் செய்ய இந்த வண்டியில் ஆல்டர்நேட்டர் கிடையாது. லூக்காஸ் வகை டைனமோதான். நம் ஊர் எலெக்ட்ரீஷியன்கள் மொத்தமாகக் கட்டவுட் என்று அழைக்கும் பெட்டிக்குள் இரண்டு காயில்கள் இருக்கின்றன. டைனமோவின் வோல்ட்டேஜ் பேட்டரியை மிஞ்சும்போது டைனமோவையும் பேட்டரியையும் இணைத்து, இன்ஜின் நின்றதும் பிரித்துவிடுவது உண்மையான கட்டவுட். மற்றொன்று ரெகுலேட்டர்: வோல்ட்டேஜ் அளவு மீறும்போதெல்லாம் அதன் பாயிண்ட் (தொடுமுனை) திறந்துகொண்டு, டைனமோவுக்குள் காந்தப்புலம் உண்டாக்கும் ஃபீல்டு காயிலுக்குப் போகும் மின்சாரத்தை ஒரு ரெசிஸ்டன்ஸ் வழியாகத் திருப்பிக் குறைக்கிறது.

புதுப் பெட்டி வாங்குவதற்கு முன் டைனமோவில் ஃபீல்டு காயிலுக்கான எஃப் முனையிலிருந்து வயரைக் கழற்றி ஓட்டிப் பார்த்தேன். சார்ஜ் உடனே நின்றது. நிற்காமல் இருந்திருந்தால், டைனமோவுக்குள்ளேயே ஃபீல்டு வயர், மின்சாரம் வெளிவரும் டி முனையோடு ஒட்டிவிட்டது என்று பொருள். அப்போது எந்தப் பெட்டியை மாட்டினாலும் பயனில்லை. இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை என்பதால், இதைச் செய்யாமல் யாரும் கடைக்குப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் வண்டியில் பாசிட்டிவ்தான் பாடி எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உடம்போடு இணைந்திருக்கிறது. பிரிட்டிஷ் வழி வந்த பழைய இயந்திரங்கள் பலவற்றில் இப்படித்தான் இருக்கும். துருவம் மாறினால் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் கருகிவிடும் என்பதால், பாயிண்ட் வைத்த பழைய வகையையே வாங்கினேன். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, டைனமோவின் பெரிய முனையிலிருந்து வரும் வயரை டி-யிலும், சிறிய முனையிலிருந்து வருவதை எஃப்-இலும், ஆம்பியர் மீட்டருக்குப் போவதை பி-யிலும், எர்த் வயரைப் பழையபடியே ஈ-யிலும் மாட்டினேன். டி-யும் எஃப்-உம் இடம் மாறிவிடக் கூடாது என்பதற்காகக் கழற்றும்போதே ஒவ்வொரு வயரிலும் துணிப் பட்டை கட்டி எழுதி வைத்திருந்தேன்.

அதன் பிறகும் மீட்டர் 15.8 காட்டியது. மனம் சோர்ந்து போய், இன்ஜின் ஓடும்போதே மீட்டரின் ஒரு கம்பியைப் பெட்டியின் ஈ முனையிலும் மறு கம்பியை டைனமோவின் உடம்பிலும் வைத்தேன். ஒன்றும் காட்டக் கூடாத அந்த இடத்தில் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் இருந்தது. மாட்டுப் பொங்கலுக்காக வண்டிக்குப் பெயிண்ட் அடித்தபோது, டேஷ்போர்டுத் தகட்டைக் கழற்றி, போல்ட் உட்காரும் இடம் வரை அடித்து மாட்டியிருந்தோம். ஈ-யின் எர்த் வயர் அந்தத் தகட்டில்தான் முடிகிறது. ரெகுலேட்டர் காயில் வோல்ட்டேஜை அளப்பது டி-க்கும் ஈ-க்கும் இடையில்தான். எர்த்தில் தொலையும் வோல்ட் அதன் கணக்கில் வராததால், குறைவாகத்தான் இருக்கிறது என்று எண்ணி டைனமோவை மேலும் தூண்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

ஈ முனையிலிருந்து டைனமோவின் உடம்புக்கே தனியாக ஒரு தடித்த வயர் இழுத்து, போல்ட் அடியில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முறுக்கினேன். மீட்டர் 14.2-இல் நின்றது. பிறகு பழைய பெட்டியையும் அதே வயரில் மாட்டிப் பார்த்தேன், அது 14.4-இல் நின்றது. அதன் பாயிண்டுகளை மெல்லிய தாளால் துடைத்து, துணியில் சுற்றி டூல் பாக்ஸில் வைத்திருக்கிறேன்.