குழு முகவரிக்கு மட்டும் போகாத மெயில்

தனி ஆளுக்கு அனுப்பினால் போகிறது, குழு முகவரிக்கு அனுப்பினால் திரும்பி வருகிறது. அதுவும் ஒரே ஒரு பிரிவில் இருப்பவர்கள் அனுப்பினால் மட்டும். இப்படிப் புகார் வந்தால் எல்லோரும் முதலில் துழாவுவது குழுவின் உறுப்பினர் பட்டியலைத்தான். அங்கே ஒன்றும் சிக்கவில்லை.

திரும்பி வந்த மெயிலில் 550 5.7.133 என்று இருந்தது. நாங்கள் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட்டின் மெயில் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் இந்த எண் சொல்வது இதுதான்: இந்தக் குழு உள்ளே இருப்பவர்களின் மெயிலை மட்டுமே வாங்கும், நீங்கள் வெளியாள். அனுப்பியவரோ அதே மாடியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்!

சரி என்று, மெயிலோடு மறைவாக வரும் பயணக் குறிப்பான ஹெட்டரைத் திறந்து, அது எந்தெந்த சர்வர் வழியாக வந்தது என்று சொல்லும் ‘ரிசீவ்டு’ வரிகளைக் கீழிருந்து மேலாகப் படித்தேன். ஒவ்வொரு சர்வரும் தன் வரியை மேலே சேர்த்துக்கொண்டே போவதால் அப்படித்தான் படிக்க வேண்டும். எங்கள் சர்வரில் கிளம்பிய மெயில், நடுவில் வெளியே ஒரு சேவையைத் தொட்டுவிட்டு மறுபடி உள்ளே வந்திருந்தது. மெயிலின் அடியில் பெயர், பதவி, லோகோ எல்லாம் ஒட்டித் தரும் சிக்னேச்சர் சேவை அது. அந்த ஒரு பிரிவில்தான் அதை வெள்ளோட்டம் விட்டிருந்தார்கள். ‘எக்ஸ்-எம்எஸ்-எக்ஸ்சேஞ்ச்-ஆர்கனைசேஷன்-ஆத்ஆஸ்’ என்ற நீளமான வரிதான் அனுப்பியவர் உள் ஆளா வெளியாளா என்று சொல்வது. அதில் ‘இன்டர்னல்’ (உள் ஆள்) இருக்க வேண்டிய இடத்தில் ‘அனானிமஸ்’ (அடையாளம் தெரியாதவர்) இருந்தது. சாதாரண மெயில்பாக்ஸ் இதைக் கண்டுகொள்ளாது. உள் ஆட்களுக்கு மட்டும் என்று பூட்டிய குழு விடாது.

வெளி மெயிலையும் ஏற்றுக்கொள் என்று குழுவின் அமைப்பில் மாற்றிவிட்டால் உடனே தீரும். மேலிருந்து கேட்டதும் அதைத்தான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஊழியர்கள் அத்தனை பேருக்கும் போகும் முகவரி அது. திறந்து வைத்தால் ஃபிஷிங் என்னும் ஏமாற்று மெயில் அனுப்புகிறவனுக்கு ஒரே மெயிலில் வேலை முடிந்துவிடும்.

திருத்த வேண்டியது திரும்பி வரும் வழியை. வெளிச் சேவையோடு மெயில் போய் வரும் வழியை அமைப்பது கனெக்டர். உள்ளே வரும் கனெக்டர் அந்த சிக்னேச்சர் சேவையை ஐபி முகவரியை வைத்து மட்டும் அடையாளம் கண்டுகொண்டிருந்தது. அதே சர்வர்களை வேறு வாடிக்கையாளர்களும் பயன்படுத்தும்போது அந்த நம்பிக்கை போதாது. எங்கள் டொமைன் பெயரிலேயே உள்ள, சர்வரின் அடையாளத்தை உறுதிசெய்யும் டிஎல்எஸ் சான்றிதழைக் காட்டினால்தான் ஏற்பது என்று மாற்றினோம். அப்புறம், உள் ஹெட்டர்கள் போய்த் திரும்பும்வரை அழியாமல் இருக்கும்படி இரண்டு பக்கக் கனெக்டர்களிலும் அமைத்தோம். குழு மெயில் போனது. வெளிக் கணக்கிலிருந்து அனுப்பிப் பார்த்தேன், திரும்பி வந்தது. அதுவும் உறுதியாக வேண்டியிருந்தது.

புதுச் சேவைகளுக்கான ஒப்புதல் படிவத்தில் ‘மெயில் வெளியே போய் வருமா?’ என்று ஒரு கேள்வி சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார்கள். நிரப்புகிறவர்கள் பாதிப் பேர் யோசிக்காமல் ‘இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள், அதனால் படிவம் வந்ததும் நானே ஒரு மெயில் அனுப்பி ஹெட்டரைப் பார்த்துவிடுகிறேன்.