எங்கள் பத்மினி இடிபட்ட பிறகு நடந்தவை

பழைய காரைத் தூக்கி நிறுத்துவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அப்படி நிறுத்திய கார் ரோட்டில் நசுங்கிப் போனால் முதலில் எங்கே போக வேண்டும், எதைத் தொடக் கூடாது, யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லத்தான் ஆளில்லை. எனக்கு அந்தத் தேவை வந்தபோது விசாரித்த இடத்திலெல்லாம் "அட, போச்சே!" என்ற அனுதாபம் மட்டும் கிடைத்தது. அதனால் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

கார் 1979 மாடல் பிரீமியர் பத்மினி. மாமனார் எண்பதுகளில் கோவையில் ஒரு மில் அதிகாரியிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அவருக்கு இன்றுவரை அது "ஃபியட்டு"தான். ஃபியட் 1100-ஐ மும்பை குர்லாவில் செய்து, எழுபதுகளில் பத்மினி என்று பெயர் மாற்றினார்கள். ஆக அவர் சொல்வதிலும் தப்பில்லை. 1089 சிசி எஞ்சின், ஸ்டியரிங்கை ஒட்டிய கை கியர், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். மாருதி வந்த பிறகு பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்து வீட்டில், எங்கள் பக்கம் சாளை என்போம், நிறுத்தியவர், அதன்மேல் தேங்காய் மட்டையை அடுக்க ஆரம்பித்துவிட்டார். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மட்டைக் குவியலுக்கு அடியில் ஒரு பம்பர் தெரிந்துகொண்டே இருந்தது.

ரெஸ்டோர் செய்த கதையை நீட்டப் போவதில்லை. ஃப்ளோர் முழுக்கத் துரு. டிங்கர் அதை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்தார். எஞ்சினை இறக்கி போர் செய்து, பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்றினோம். சின்னச் சாமான்கள் சென்னை புதுப்பேட்டையில் கிடைத்தன. கிடைக்காதது மும்பையிலிருந்து வந்தது. அங்கே கடைசி பத்மினி டாக்சியின் ஆயுள் 2023 அக்டோபரோடு முடிந்தது. நாங்கள் சாமான் தேடியதும் அதே சமயம்தான். எங்கள் வண்டியின் பின் பம்பர் ஒரு காலத்தில் பம்பாய் டாக்சியில் இருந்தது என்று மாமா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மொத்தச் செலவு நாலு லட்சத்தை ஒட்டி வந்தது. அதை மாமாவிடம் குறைத்துத்தான் சொன்னோம்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். முன் சீட்டுகளுக்கு பெல்ட் வைத்தேன். அந்தக் கால பத்மினியில் அது கிடையாது. "ஒரிஜினாலிட்டி போயிடுமே" என்று சிலர் முகம் சுளித்தார்கள். தளத்துக்கு அடியில் கனமான பிளேட் கொடுத்து போல்ட் போட்டு முறுக்கிய பெல்ட் அது. இதை எழுத நான் இருப்பதற்குக் காரணமும் அதுதான்.

விபத்து 2024 ஆகஸ்டில், சேலம் - கோவை நெடுஞ்சாலையில், பெருந்துறை தாண்டி. சாலை வேலைக்காக வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. நான் நின்றுவிட்டேன். பின்னால் வந்த பார்சல் லாரி நிற்கவில்லை. அது தள்ளிய வேகத்தில் முன்னால் நின்ற டிப்பரின் அடியில் பானெட் புகுந்துவிட்டது. டிக்கி பின் சீட் வரை வந்துவிட்டது. நான் மட்டும்தான் வண்டியில் இருந்தேன். விலா எலும்பில் லேசான கீறல், கழுத்துக்குப் பட்டை. தலைக்குப் பின்னால் தாங்க எதுவும் இல்லாத சீட் என்பதால் கழுத்து வலிதான் நெடுநாள் இருந்தது. மாமாவுக்கு போன் போட்டபோது, "ஆளுக்கு ஒண்ணுமில்லீங்களே மாப்ள?" என்றார். இல்லை என்றேன். "வண்டி கெடக்குது விடுங்க" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து அவரே கூப்பிட்டு, "எஞ்சின் தப்பிச்சுதுங்களா?" என்றார்.

108 வருவதற்குள் போனில் படம் எடுத்தேன். மூன்று வண்டிகளும் நின்ற நிலை, சாலையில் டயர் தடம் இருந்த இடம், லாரியின் நம்பர். அரசின் எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டால் அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். இருந்தது. பாதி பாரம் அப்போதே இறங்கியது. கிரேன்காரர் கொக்கி போட்டு இழுக்கப் பார்த்தார். நான் விடவில்லை. சக்கரம் சுற்றாத வண்டியைத் தரதரவென்று இழுத்தால், இடித்ததில் எது போனது, இழுத்ததில் எது போனது என்று பின்னால் சண்டை வரும். கூடுதல் பணம் கொடுத்துத் தட்டை லாரியில் ஏற்றச் சொன்னேன்.

காவல் நிலையத்தில் எதிர்பார்த்ததுதான் நடந்தது. "ஆளுக்குப் பெரிசா ஒண்ணுமில்ல, பேசி முடிச்சுக்கங்க, பழைய வண்டிதானே" என்றார்கள். லாரி முதலாளி தரப்பில் ஒருவர் வந்து முப்பதாயிரம் தருவதாகச் சொன்னார். டிங்கருக்கு முதல் மாதம் கொடுத்த அட்வான்ஸ்கூட அதைவிட அதிகம். நான் எஃப்.ஐ.ஆர். கேட்டேன். முதலில் சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்தார்கள். அது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டுதான். நஷ்டஈடு கேட்கப் போகிறவருக்கு எஃப்.ஐ.ஆர். வேண்டும். மருத்துவமனைச் சீட்டைக் காட்டிய பிறகு பாரதிய நியாய சன்ஹிதா 281, 125(ஏ) பிரிவுகளில் பதிந்தார்கள். கண்மூடித்தனமாக ஓட்டியது, அதனால் ஆளுக்குக் காயம் ஏற்படுத்தியது. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 279, 337 என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, அவற்றின் புது எண்கள் இவை.

அடுத்தது பிரேக் இன்ஸ்பெக்டர். மோட்டார் வாகன ஆய்வாளரை நம் ஊரில் இப்படித்தான் சொல்வோம். என் அனுபவத்தில் பழைய கார்க்காரர்களுக்கு இவர் எழுதும் அறிக்கையைவிட முக்கியமான காகிதம் வேறில்லை. ஏனென்றால் எதிர்த் தரப்பு எடுத்த எடுப்பிலேயே "நாப்பத்தஞ்சு வருஷ வண்டி, பிரேக் லைட் எரியவில்லை, அதனால்தான் டிரைவருக்குத் தெரியவில்லை" என்று ஆரம்பித்தார்கள். ஆய்வாளர் பிரேக் பெடலை மிதித்துப் பார்த்தார், ஆயில் மட்டம் பார்த்தார். இடது பின் விளக்கு உடையாமல் இருந்தது. பேட்டரியிலிருந்து தனி வயர் கொடுத்து பல்பைச் சோதித்தார். எரிந்தது. இயந்திரக் கோளாறால் விபத்து நேரவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதினைந்து வருடத்துக்குப் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டிய பதிவுச் சான்றான ஆர்.சி.யையும் ரெஸ்டோர் முடிந்த கையோடு ஐயாயிரம் ரூபாய் கட்டணமும் பசுமை வரியும் கட்டிப் புதுப்பித்திருந்தோம். அது இல்லாமல் போயிருந்தால் என் வாதத்தில் பாதி அன்றே விழுந்திருக்கும்.

என் பாலிசி வெறும் தேர்ட் பார்ட்டி, அதாவது அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கு மட்டும். ரெஸ்டோர் முடிந்ததும் முழுக் காப்பீடு கேட்டுப் பார்த்தேன். இந்த வயது வண்டிக்குச் சொந்தச் சேதத்துக்குத் தர மாட்டோம் என்றார்கள். தருகிறேன் என்று சொன்ன ஓர் இடத்தில் வண்டியின் மதிப்பாகப் போட்ட தொகை ஒரு நல்ல பைக்கின் விலை. ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டிக்குத் தேய்மான அட்டவணை கிடையாது, நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகைதான் மதிப்பு. பேசி ஒத்துக்கொள்ள அவர்களும் நானும் ஒரே காரைப் பார்த்திருக்க வேண்டுமே. ஆகவே எனக்கு இருந்த ஒரே வழி, லாரியின் இன்சூரன்ஸிடம் கேட்பது. லாரி, கார் பாலிசிகளில் அடுத்தவர் பொருளுக்கான சேதத்துக்கு வழக்கமாக 7.5 லட்சம் வரை காப்பு இருக்கும். பிரிமியத்தில் சொற்பக் காசு மிச்சம் பிடிக்க அதை 6,000 ஆகக் குறைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. லாரிக்காரர் குறைத்திருக்கிறாரா என்று பாலிசி நகலில் தேடியபோதுதான் நெஞ்சு படபடத்தது. குறைக்கவில்லை.

இதற்கிடையில் எங்கள் டிங்கர் வந்து பார்த்தார். அவர்தான் இந்த வண்டிக்குத் தளம் வைத்தவர். டேப்பைப் பிடித்து இந்தப் பக்க முன் கதவு மூலையிலிருந்து அந்தப் பக்கப் பின் மூலைக்கு அளந்தார், பிறகு மாற்றி அளந்தார். இரண்டும் ஒத்துவரவில்லை. கூரையைத் தாங்கும் தூணில் சுருக்கம் விழுந்திருந்தது. பத்மினிக்கு அம்பாசடர் போலவே சேசிஸ் என்று தனி அடிச்சட்டம் கிடையாது, பாடியேதான் சேசிஸ். அது கோணிப்போனால் பேனலை மாற்றி ஒன்றும் ஆகாது. "கூடு போச்சுங்க" என்றார். பிறகு மெதுவாக, "கரூர்ல ஒரு கூடு கெடக்குது. நம்ம நம்பரை வெட்டி அதுல ஒட்டிக்கலாம்" என்றார்.

எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை என்பது உண்மை. ஆனால் சேசிஸ் நம்பரை வெட்டி இன்னொரு வண்டியில் வைப்பது குற்றம். நாளைக்கு ஒரு விபத்து நடந்தால் எந்தக் காகிதமும் நிற்காது. அதைவிட, அது நம் கார் இல்லையே. வேறு யாரோ வளர்த்த காருக்கு நம் நம்பரை மாட்டிவிட்டு மாமாவிடம் "உங்க ஃபியட்டு" என்று எப்படிச் சொல்வது? மாமாவிடமே கேட்டேன். "நம்பர் வந்து என்னங்க பண்ணும் மாப்ள" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நஷ்டஈட்டு மனுவை, நம் பக்கம் எம்.சி.ஓ.பி. என்பார்கள், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று 2022-லிருந்து சட்டம். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்றில்லை, நாம் குடியிருக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலும் போடலாம். கோவையில் போட்டோம். அதற்கு முன், வண்டிச் சேதத்தை மதிப்பிட உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரை என் செலவில் வைத்து அறிக்கை வாங்கினேன். எதிர்த் தரப்பு சர்வேயரும் வந்து பார்க்கும்வரை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றவில்லை. வண்டி சாளையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அதற்குள் சாமான் கேட்டு போன்கள் வர ஆரம்பித்துவிட்டன. ஒருவருக்கு முன்பக்கச் சின்னம் மட்டும் வேண்டுமாம், வீட்டுச் சுவரில் மாட்ட. அவருக்கு நான் பதில் சொல்லவில்லை.

செலவுக்கு ஆதாரம் திரட்டியதுதான் நீண்ட வேலை. புதுப்பேட்டைக் கடைகளில் துண்டுச் சீட்டு. டிங்கரிடம் அதுவும் இல்லை. கைகொடுத்தது ஜிபே. யாருக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு என்று வங்கிக் கணக்கு பேசியது. அதோடு துருப்பிடித்த தளம் முதல் பெயிண்ட் அடித்த நாள் வரை தேதியோடு எடுத்த படங்களையும் அடுக்கிக் கொடுத்தேன். இருந்தும் எதிர்த் தரப்பு வக்கீல் பிடித்த பிடி சரியானதுதான்: "நீங்கள் என்ன செலவு செய்தீர்கள் என்பது கேள்வியே இல்லை. விபத்துக்கு முந்தைய நாள் இந்த வண்டி என்ன விலைக்குப் போகும்?" அதற்குப் பதில் சொல்ல, அதே காலத்தில் விற்பனைக்கு வந்த ரெஸ்டோர் செய்த பத்மினிகளின் விலையை சர்வேயர் எடுத்து வைத்தார். அதன்படி மூன்றேகால் லட்சம் என்று மதிப்புப் போட்டார். அதில் உடைந்த வண்டியின் மிச்ச விலையைக் கழிப்பார்கள். அரிய பழைய வண்டிகளுக்கான விண்டேஜ் பதிவு வாங்கியிருந்தால் விலை கூடியிருக்குமே என்று பலர் கேட்டார்கள். 2021 விதிப்படி அதற்கு 50 வருடம் ஆக வேண்டும், எங்கள் வண்டிக்கு 2029. அப்படி வாங்கியிருந்தால் அன்றாடம் ஓட்டவும் முடியாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல், பராமரிப்பு, அவ்வளவுதான். எனக்கு அது ஒத்துவராது. ஓட்டத்தான் தூக்கி நிறுத்தினோம்.

வழக்கை இழுக்காமல் மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொள்ளலாம் என்று எங்கள் வக்கீல் சொன்னார். அங்கே முடிந்தால் மேல்முறையீடு கிடையாது என்பது இரு பக்கத்துக்கும் நிம்மதி. காருக்கு மட்டும் இரண்டே கால் லட்சம், மருத்துவச் செலவு தனி. குறைவுதான். ஆனால் முப்பதாயிரத்தில் ஆரம்பித்த பேச்சு இது.

அப்புறம்தான் சாமான்களைக் கழற்றினோம். எஞ்சின், நாமக்கல்லில் பத்மினியை எழுப்பிக்கொண்டிருக்கும் ஓர் இளைஞருக்குப் போனது. நான்கு கதவில் மூன்று உருப்படி, அவை பொள்ளாச்சிக்கே. எஞ்சினைக் கொடுக்கும்போது கவனம் வேண்டும். வாங்குகிறவர் தன் ஆர்.சி.யில் எஞ்சின் நம்பரை மாற்றி எழுத வேண்டும், அதற்கு நாம் விற்றதற்கான கடிதமும் நம் ஆர்.சி. ரத்தான சான்றும் தேவைப்படும். ஓட முடியாமல் அழிந்த வண்டியைப் பற்றி 14 நாளுக்குள் அல்லது முடிந்த விரைவில் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 55-வது பிரிவு. டிங்கர் கையை விரித்த வாரமே கடிதம் கொடுத்திருந்தேன். ரத்து செய்யும்போது ஆர்.சி.யையும் சேசிஸ் நம்பர் இருந்த தகட்டுத் துண்டையும் வாங்கிக்கொண்டார்கள். அங்கீகாரம் பெற்ற ஸ்கிராப் மையத்தில் முழு வண்டியாகக் கொடுத்தால் சான்றிதழ் தருவார்கள், வேலை சுலபம். ஆனால் எஞ்சினும் சேர்ந்து கையை விட்டுப் போய்விடும் என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

நாமக்கல் தம்பியின் பதிவு அலுவலகத்தில் விற்பனைக் கடிதத்தில் எஞ்சின் நம்பரின் ஓர் எழுத்து தெளிவாக இல்லை என்று திருப்பிவிட்டார்கள். மறுபடி டைப் அடித்து, மாமாதான் ஆர்.சி. உரிமையாளர் என்பதால் அவரிடம் கையெழுத்து வாங்கி, கூரியரில் அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போடும்போது அந்தத் தம்பி எஞ்சினுக்கு என்ன ஆயில் ஊற்றுகிறார் என்று கேட்டுச் சொல்லச் சொன்னார். இன்னும் கேட்கவில்லை.