வாங்குவோர் இல்லாத சந்தையில் ஓவியர்கள்

இலங்கையில் 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டபோது, நான் அங்கம் வகிக்கும் இணைய ஓவியர் குழுக்களில் சிலர் அதனை நற்செய்தியாகவே எடுத்துக்கொண்டார்கள். 20 டொலருக்கு வரையும் ஓர் உருவப்படத்துக்கு முன்பு 4,000 ரூபாய் கிடைத்தது, இப்போது 7,000 ரூபாய்க்கு மேல் கிடைக்கிறதே என்பது அவர்களுடைய கணக்கு. 12 டொலர் வாங்கினாலும் பழைய வருமானத்துக்குக் குறைவில்லை என்று எண்ணியவர்கள் விலையை இறக்கினார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் இறக்கினார்கள்.

அரிசி, எரிவாயு, பால்மா ஆகியவற்றின் விலையை மறந்துவிட்டுப் போட்ட கணக்கு அது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை அண்டியபோது, கையில் வந்த 4,000 ரூபாய் பெயரளவில் மட்டுமே பழைய 4,000 ரூபாயாக இருந்தது. நமது கருவிகளோ அனைத்தும் இறக்குமதிப் பொருட்கள். கணினியில் வரைவதற்கான டெப்லெட் பலகையின் பேனாவில் செருகும் முனையான நிப் ஒரு நெல்மணியளவுகூட இராது. தேயத் தேய அதன் நுனி உளிபோலச் சரிந்து பலகையைக் கீறத் தொடங்கும். வழக்கமாகத் தூக்கி எறிய வேண்டிய நிப்பை அந்த மாதங்களில் பிடுங்கி, தேயாத பக்கம் கீழே வருமாறு திருப்பிச் செருகி, மின்வெட்டு முடியும் நேரம் பார்த்து நள்ளிரவில் வரைந்தவர்களுள் நானும் ஒருவன். மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் இல்லாதிருந்ததை இங்கே எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இதில் இன்னொரு தரப்பும் பாதிக்கப்பட்டது. அதே குழுக்களில் டொலரில் வீட்டு வாடகை கட்டும் வெளிநாட்டு ஓவியர்களும் இருந்தார்கள். நமது விலைக்கு அவர்களால் இறங்கி வர இயலவில்லை. இப்படி விலையை இறக்காதீர்கள் என்று அவர்கள் நம்மைக் கடிந்துகொண்டபோது, பட்டினியில் இருப்பவனுக்கு உபதேசமா என்று நம்மவர்கள் கொதித்தார்கள். கொதிப்பு நியாயமானதுதான், ஆனால் விலையைப் பற்றி அந்த வெளிநாட்டவர்கள் சொன்னது சரி என்பதே என் கருத்து.

நெருக்கடிக் காலத்தில் ஓவியர் குழு சந்தையாக இருக்க இயலாது. மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்து வெளியேறியவர்கள், கோயில்களுக்கு வர்ணம் தீட்டுபவர்கள், கடைப் பலகை எழுதியவர்கள், கைபேசியிலேயே வரையப் பழகிய பிள்ளைகள் என எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க வந்துவிட்டால், வாங்குவதற்கு யார் மிஞ்சுவார்? ஒருவர் படத்தை மற்றவர் பகிர்கிறோம், இதயக்குறி இடுகிறோம். அந்த அன்பு பொய்யன்று, எனினும் அதைக் கொண்டு மின்கட்டணம் செலுத்த முடியாது.

எனக்கு வேலை தந்தவர்கள் பெரும்பாலும் குழுவுக்கு வெளியே இருந்தவர்கள். புலம்பெயர்ந்த நம் குடும்பங்கள். அவர்கள் கேட்பது அநேகமாக ஒரே வகைப் படம்: இறந்துபோன ஒருவரை, அவர் கண்டிராத பேரப்பிள்ளைகளோடு சேர்த்து வரைந்து தர வேண்டும். 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையில் மட்டக்களப்பின் கல்லடி, நாவலடிக் கரைகளில் வீடுகளோடு புகைப்படத் தொகுப்புகளும் போய்விட்டமையால், சிலரிடம் எஞ்சியிருப்பது தேசிய அடையாள அட்டையின் மங்கிய பிரதி மட்டுமே. இலண்டனிலிருந்து ஓர் அம்மா, நான் அனுப்பிய முதல் வரைவைப் பார்த்துவிட்டு, "மூத்தப்பாட மூக்கு இப்பிடியில்ல தம்பி" என்றார். பிறகு தொலைபேசியில் தம் மகனின் மூக்கைக் காட்டி, இதைவிடச் சற்று அகலம் என்றார். அப்படித்தான் அந்த முகம் வந்தது.

2022 ஆகஸ்டில், எழுதிக் கேட்டால் படம் உருவாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவு இயந்திரமான ஸ்டேபிள் டிஃப்யூஷன் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தபின் இணைய ஓவிய உலகமே கலங்கியது. டிசெம்பரில், ஓவியர்கள் தம் படைப்புகளைக் காட்சிக்கு வைக்கும் ஆர்ட்ஸ்டேஷன் தளத்தின் முகப்பை ஓவியர்கள் எதிர்ப்புப் படங்களால் நிரப்பினார்கள். இணையத்திலிருந்து திரட்டிய படங்களைக் கொண்டு, வரைந்தவரைக் கேளாமலே அவ்வியந்திரங்களைப் பயிற்றியதை நான் இன்றும் ஏற்கவில்லை. புத்தக அட்டை, விளம்பரப் படம் போன்ற வேலைகளை அவை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டதும் உண்மை. ஆனால் அடையாள அட்டைப் பிரதியைக் கொடுத்தால் அவை தருவது அழகான ஒரு முதியவரின் முகம். குடும்பத்தாருக்கு அவர் அந்நியர். இந்த இடைவெளி எவ்வளவு காலம் நிலைக்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

அப்படியாயின் குழு எதற்கு? முற்பணம் தராமல் மறைகின்றவர் யார், வரைவைப் பெற்றுக்கொண்டு வேறொருவரிடம் மலிவாக முடித்துக்கொள்கின்றவர் யார் என்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதற்கு. இலங்கைக் கணக்கில் பேபால் என்ற இணையப் பணச் சேவையினூடாகப் பணம் பெற முடியாதிருந்த ஆண்டுகளில் அதையொத்த பேயோனியரில் கணக்குத் திறக்கும் முறையை எனக்குக் கற்றுத் தந்தது குழுவில் இருந்த, நான் நேரில் கண்டிராத ஒருவர்தான். பாதிப் பணம் முன்கூட்டியே, திருத்தங்கள் இரண்டு, அதற்கு மேல் தனிக் கட்டணம் என்ற நடைமுறையும் அங்கிருந்தே வந்தது. விலையை இன்பொக்ஸில் மறைக்காமல் எல்லோரும் பார்க்க எழுதுவோம் என்று தீர்மானித்த குழுக்களில் விலையிறக்கம் தணிந்ததையும் கண்டேன்.

இப்போது அங்கே அதிகம் பேசப்படுவது வரி. 2025 ஏப்ரல் முதல் வெளிநாட்டவருக்குச் செய்யும் சேவையால் வரும் வருமானமும் 15 சதவீதம் வரையான வரிக்கு உட்படுகிறது. ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் விலக்கு இருப்பதால் நம்மில் மிகப் பெரும்பாலோர் எதுவும் கட்ட வேண்டியிராது. ஆயினும் பணம் வங்கி வழியாக வந்ததற்கான பதிவுகளை ஒழுங்காக வைத்திருப்பது நல்லது. உறவினர் கணக்கில் வாங்கி ரொக்கமாகப் பெற்றுக்கொள்ளும் பழக்கத்தை இளையவர்கள் இப்போதே விட்டுவிட வேண்டும்.