வடிகால் மேல நின்ன கிரேன்

மரம் எடுக்க வந்த கிரேன் சாஞ்ச கதை இது. போன மார்கழி நடந்தது, எழுதவே இத்தனை நாள் ஆயிருச்சு. எங்க பூர்வீக வீடு செட்டிநாட்டுல பள்ளத்தூர் பக்கம். முன்வாசல் ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல, அவ்ளோ நீளம். பின்வாசல் ஓரமா ஒரு புளியமரம், எங்க ஐயா காலத்துக்கு முந்தினது. கொப்பெல்லாம் பெருத்து பின்கட்டு ஓட்டு மேல படுத்துருச்சு, காத்தடிச்சா நாட்டு ஓடு நகண்டுரும், மழை பேஞ்சா அடுப்படிக்குள்ள ஒழுகும். 2018ல கஜா புயல் வந்தப்போ புதுக்கோட்டைப் பக்கம் மரமெல்லாம் தூரோட பிடுங்கிக்கிட்டு விழுந்து கெடந்ததை நேர்ல பாத்தவங்க நாங்க, அந்த பயமும் உள்ளுக்குள்ள இருந்துச்சு. தை மாசம் சித்தப்பாவுக்கு சாந்தி கல்யாணம், பங்காளிங்க எல்லாம் ஊருக்கு வர்றாங்க, அதுக்குள்ள மரத்தை எடுத்துரணும்னு முடிவாச்சு.

மரம் ஏறுறவரு உள்ளூர்க்காரரு, அம்பது வயசுக்கு மேல இருக்கும், சின்ன வயசுல இருந்து அதே வேலைதான். "கயித்தைக் கட்டி துண்டு துண்டா இறக்குறேன்யா, நாலு நாள் ஆகும்"னாரு. நாலு நாளான்னு எங்க ஆளுங்க யோசிச்சாங்க. மரத்தை குத்தகைக்கு எடுத்தவரு கிரேன் வச்சா ஒரே நாள்ல முடிஞ்சிரும்னு சொன்னதும் எல்லாரும் சரின்னுட்டோம். நானும்தான் சரின்னேன்.

இந்தப் பக்கம் அதிகமா கெடைக்கிறது ஹைட்ராங்கிற சின்ன கிரேன். அதோட பூம், அதாவது தூக்குற நீளக் கை, ஓட்டுக்கு மேல எட்டாதுன்னு லாரி மேல ஏத்துன கிரேனை வரவச்சாங்க, சாயாம இருக்க பக்கவாட்டுல ஜாக்கிங்கிற இரும்புக் காலை இழுத்து, நாலு பக்கமும் தரையில ஊனி நிக்கிற வண்டி. பின்தெரு குறுகல். ஒரு பக்கம் எங்க மதில், இன்னொரு பக்கம் எதிர்வீட்டு மதில். எங்க மதில் பக்கத்து ஜாக்கியை முழுசா இழுக்க இடமில்ல, பாதிதான் இழுத்தாங்க. ஆபரேட்டர் தம்பி சின்னப் பையன், எறங்கி நாலு ஜாக்கியையும் சுத்திப் பாத்தான், பலகை போட்டான், அவன்மேல நான் குத்தம் சொல்லமாட்டேன். ஆனா பாதி இழுத்த ஜாக்கியோட நிக்கிற கிரேனும் முழுசா இழுத்து நிக்கிற கிரேனும் ஒண்ணு இல்லங்கிறது எங்களுக்குத் தெரியாது, அதை எடுத்துச் சொல்லி வேலையை நிப்பாட்டவும் அங்க ஆள் இல்ல.

வெளி ஆளுக்குத் தெரியாத இன்னொண்ணு தரைக்கு அடியில இருந்துச்சு. செட்டிநாட்டு வீடுங்க தெரிஞ்சவங்களுக்குப் புரியும், வளவு முற்றத்துல விழுற மழைத்தண்ணி வீட்டுக்குள்ளயே ஓடி வெளிய வந்து ஊரணிக்குப் போற மாதிரி அந்தக் காலத்துல கட்டி வச்சிருப்பாங்க. எங்க வீட்டு வடிகால் பின்தெரு வழியா போகுது, செங்கல் வச்சுக் கட்டி மேல கருங்கல் பலகை மூடி அதுக்கு மேல மண்ணு. மேல இருந்து பாத்தா வெறும் செம்மண் தெருதான். அப்பத்தா இருந்திருந்தா சொல்லியிருப்பாங்க. மதில் பக்கத்து ஜாக்கி சரியா அதுக்கு மேல, அதுவும் ஐப்பசி கார்த்திகை மழை குடிச்ச மண்ணு.

செஞ்சதுல உருப்படியான காரியம் ஒண்ணு உண்டு. சித்தப்பா முதல் நாளே ஈபி ஆபீஸ்ல எழுதிக் குடுத்து லைன்மேனை வரவச்சு தெரு கரண்டை நிறுத்திட்டாரு, நிறுத்தியாச்சுன்னு லைன்மேன் வாயால சொன்னப்புறம்தான் பூமையே தூக்கவிட்டாரு. அது எத்தனை உசுரைக் காப்பாத்துச்சுன்னு கீழ சொல்றேன்.

காலையில சின்னக் கொப்பெல்லாம் நல்லபடியா எறங்குச்சு. பதினோரு மணி வாக்குல நடுவுல இருந்த கவட்டையை அறுக்கணும். மரம் ஏறுற அண்ணன் மேல நின்னு, கிரேன் கொக்கியில தொங்குற பெல்ட்டை அதுல மாட்டிட்டாரு. ஆபரேட்டர் தம்பி கீழ இருந்து "எவ்ளோ வெயிட்டுண்ணே வரும்"னு கேக்க, குத்தகைக்காரரு "ஒரு அரை டன் வரும், தூக்கு"ன்னாரு. இந்த ஒரு வார்த்தையை நெனச்சாதான் எனக்கு இப்பவும் வயித்தைப் பெசையுது. மரத்தை அளக்க ஒரு டேப் போதும். ஏழடி சுத்தளவு, பன்னெண்டடி நீளம்னா கணக்குப் போட்டா 1.3 கன மீட்டர் வரும், பச்சைப் புளி ஒரு கன மீட்டர் ஒரு டன்னுக்குக் கொறையாது, அதோட கூடவே தொங்குற கெளை வேற. அப்புறமா அதை எடை மேடையில போட்டப்போ 1,640 கிலோ காமிச்சுச்சு.

வண்டி மேல 20 டன்னுன்னு எழுதியிருக்கே, ஒன்றரை டன் தூக்காதான்னு எங்க வீட்டு ஆளுங்களே கேட்டாங்க. அந்த 20 டன் பூமை சுருக்கி வண்டிக்கு ஒட்டினாப்ல வச்சுத் தூக்குறப்போ மட்டும்தான். பூமை நீட்ட நீட்ட, வெளிய சாய்க்க சாய்க்க தூக்குற அளவு சரசரன்னு கொறையும், அதுக்குன்னு கேபின்ல சார்ட் ஒட்டியிருப்பாங்க. ஓட்டைத் தாண்டி எட்டணும்னா பூம் முழுசா நீளணும், ஜாக்கி பாதின்னா சார்ட்ல அளவு இன்னும் கம்மி. இன்னொண்ணு, அறுத்த துண்டு பெல்ட் இறுகுறதுக்கு முன்னாடி அரை அடி கீழ எறங்கி வெடுக்குன்னு நின்னாலே கிரேனுக்கு விழுற பாரம் அதோட எடையைவிட ரொம்ப அதிகம். மரத்தை முழுசா அறுக்காம கிரேனை விட்டு இழுக்கிறதும் அப்படித்தான், எவ்ளோ பாரம்னு ஆபரேட்டருக்கே தெரியாது.

துண்டு தனியா வந்துருச்சு, லேசா ஆடுச்சு. தம்பி அதை தெருப்பக்கம் திருப்புறான். நான் மதில்கிட்டதான் நிக்கிறேன். முதல்ல ஒரு சத்தம், தேங்காயை கல்லுல ஒடைக்கிற மாதிரி, அவ்ளோதான், சின்னதா. ஜாக்கிக்கு அடியில இருந்த பலகை ஒரு பக்கமா தலை சாய்ஞ்சு மண்ணுக்குள்ள போகுது, மெதுவா போகுது, எல்லாரும் அதைப் பாத்துக்கிட்டே நிக்கிறோம் யாருக்கும் வாய் வரல, அப்புறம் கருங்கல் பலகை ரெண்டா ஒடைஞ்சு ஜாக்கி முழங்கால் ஆழம் எறங்கிருச்சு, எதிர்ப்பக்கத்து டயர் தரையை விட்டு மேல வந்துருச்சு. பூம் கரண்டு கம்பியை இழுத்துக்கிட்டே போய் பின்கட்டு ஓட்டு மேல படுத்துச்சு. தொங்குன துண்டு ஊஞ்சல் மாதிரி ஆடிவந்து அண்ணன் நின்ன மரத்துல மோதுச்சு. அவரு இடுப்புல கயிறு கட்டியிருந்ததால கீழ விழல, ஆனா தோள்பட்டை எலும்பும் ரெண்டு விலா எலும்பும் ஒடைஞ்சிருச்சு.

கம்பியில கரண்டு இருந்திருந்தா? வண்டி மொத்தமும் கரண்டு பாஞ்சிருக்கும், அண்ணனை எறக்கணும்னு நாங்க நாலஞ்சு பேர் ஓடிப்போய் வண்டியைப் பிடிச்சு ஏறுனோமே, ஒருத்தர் மிச்சம் இருந்திருக்க மாட்டோம். அந்த மாதிரி ஆச்சுன்னா தீப்பிடிக்காத வரைக்கும் ஆபரேட்டர் கேபினை விட்டு எறங்கக்கூடாது, கீழ நிக்கிறவங்க கிட்டயே போகக்கூடாது, தயவுசெஞ்சு இதை மட்டுமாவது மனசுல வச்சுக்கங்க. கரண்டை நிறுத்தாம கம்பிக்கு பத்தடிக்குள்ள பூமை கொண்டு போகவே கூடாது.

நடந்ததைக் கேட்டவங்க கிரேன்னா நேரம் சரியில்லன்னா சாயும்னு சொல்றாங்க. எனக்கு அதுல ஒப்புதல் இல்ல. 2023 ஜனவரியில அரக்கோணம் பக்கம் கோயில் திருவிழாவுல கிரேன் சாஞ்சு நாலு பேர் செத்துப்போனாங்க, அந்த செய்தியை படிச்சப்போ ஐயோ பாவம்னு சொல்லிட்டு அடுத்த வேலையைப் பாத்தேன். வண்டி வர்றதுக்கு முன்னாடி தரைக்கு அடியில என்ன இருக்குன்னு நாங்கதான் சொல்லியிருக்கணும், வீடு எங்களுது. மூடுன கிணறு, செப்டிக் டேங்க், வடிகால் எதுவா இருந்தாலும் அது ஆபரேட்டருக்கு எப்படித் தெரியும்?

வண்டிக்காரங்க குத்தகைக்காரரைக் கையைக் காட்ட, அவரு எங்களைக் கையைக் காட்ட, ஒரு மாசம் இதுலயே போச்சு. வேலையில அடிபட்டா வேலைக்கு வச்சவங்க நஷ்டஈடு தரணும்னு 1923லயே சட்டம் வந்துருச்சு, இருந்தும் அண்ணன்கிட்ட சம்பளச் சீட்டா இருக்கு? ஆஸ்பத்திரி செலவை பங்குக்கு இவ்ளோன்னு நாங்க போட்டுக் கட்டினோம், மாசம் ஒரு தொகை குடுக்கிறோம். ஓடு மாத்துனதும் முகப்பு வர்ணமும் சேத்து அதைவிட அதிகமா ஆச்சு, அது எனக்கு உறுத்திக்கிட்டேதான் இருக்கு.

மிச்ச மரத்தை அண்ணனோட மச்சினரு கயிறு கட்டி துண்டு துண்டா எறக்குனாரு, நாலு நாள்தான் ஆச்சு. அண்ணன் கையைத் தூளியில கட்டிக்கிட்டு மூணாவது நாள் வந்து திண்ணையில உக்காந்து ஒவ்வொரு கயித்துக் கட்டையும் பாத்து "அந்தக் கட்டு வேணாம், கொஞ்சம் மேல போடு"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. சித்தப்பா சுண்ணாம்புத் தண்ணி கலக்கி, பின்வாசல்ல இருந்து ஊரணி வரைக்கும் வடிகால் போற வழியெல்லாம் கோடு போட்டுட்டாரு. மழையில அழிஞ்சா மறுபடி போடுறதா சொல்லியிருக்காரு.